ஜெயரட்ணம் விற்ற தோள்

நான் பேஸ்போல் கழகமொன்றில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ரிக்கெற் எடுத்துத் தருவீரோ என்பது ஒன்று. உதுக்கோ கொப்பர் கஷ்டப்பட்டுப் படிப்பிச்சவர் என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

இன்னும் மீசை ஒழுங்காக முளைக்காத பையன்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி ஆடுவார்கள் என்று கணித்துச் சொல்வதுதான் என் வேலை. சாத்திரக்காரன் செய்கிற அதே வேலை. அவனுக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார்கள், எனக்கு வங்கியில் போடுவார்கள். பொய்த்துப்போனால் அவனை ஒருவரும் கேட்பதில்லை, என்னைக் கூப்பிட்டு இருத்திக் கேட்பார்கள்.

கேட்பவர் டெரெக். எங்கள் உப தலைவர். சொல்லுக்குச் சொல் 'குடும்பம்' என்பார். கழகம் ஒரு குடும்பம், வீரர்கள் எல்லோரும் பிள்ளைகள். ஆளை வேலையால் நிற்பாட்டும்போதும் குடும்பம் என்று சொல்லித்தான் நிற்பாட்டுவார்.

ஒரு குளிர்காலம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கொடுத்தார். இளம் வீரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் எப்போது நீட்ட வேண்டும்? விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேல் அணிக்கு வந்த ஒரு பையன் ஆறு வருடம் கழகத்தின் பிடியில்தான் இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் கழகம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டும். அடுத்த மூன்றில் கொஞ்சம் வாய் திறக்கலாம். ஆறும் முடிந்த பிறகுதான் சந்தை. அவனுடைய உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. அதற்கு முதலே, அந்த ஆறோடு சந்தை வருடங்கள் இரண்டையும் சேர்த்து மலிவாகக் கட்டிப்போடுவதுதான் நீண்டகால ஒப்பந்தம். முந்தி நீட்டினால் பையன் தேறாமல் போய்க் கழகத்துக்கு நட்டம் வரலாம். பிந்தி நீட்டினால் பையனுக்குத் தன் விலை தெரிந்துவிடும்.

நான் கணக்கெல்லாம் பார்த்து ஒரு வசனத்தில் பதில் எழுதிக் கொடுத்தேன். 'இவன் ஆடுவான் என்று எங்களுக்கு உறுதியாகிவிட்ட, அவனுக்கு இன்னும் உறுதியாகாத இடைவெளியில்.' டெரெக் அதைத் தன்னுடைய வசனமாகவே எல்லாக் கூட்டங்களிலும் சொல்லித் திரிந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படியான ஒரு வசனத்துக்குச் சொந்தம் கொண்டாட எனக்கும் விருப்பமில்லை.

அந்த இடைவெளியில் அப்போது நின்றவன் மிதுனன். வயது இருபத்தொன்று. அஜக்ஸ் பையன், யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று, பாய்ந்து பந்தைப் பிடித்து, விழுந்தபடியே முதலாம் தளத்துக்கு எறிவான். அந்த எறிதான் அவனுடைய சொத்து. கீழ் அணியில் அவன் எறிந்ததை எல்லாம் நான் அளந்து வைத்திருந்தேன். இந்தக் கண்டத்தில் அந்த வயதில் அப்படி ஒரு கை வேறு ஒருவனுக்கும் இல்லை என்று என் கணக்குச் சொன்னது.

"நீயும் வா, கௌசி" என்றார் டெரெக். "அவர்களுக்கு உன்னைக் கண்டால் வீட்டு ஆள் மாதிரி இருக்கும்." கணக்குக்காக வேலைக்கு எடுத்தவர்கள் தேத்தண்ணிக்காகவும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மிதுனனின் தகப்பன் ஜெயரட்ணம் அங்கிளை எனக்கு முன்பே தெரியும். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மகன் சின்னப் பையனாக விளையாடப் போன காலத்தில் அவர் மைதானப் பக்கம் தலை காட்டியதில்லை. 'கட்டை விளையாட்டு' என்பார். மழையிலும் வெயிலிலும் பையனை ஏற்றி இறக்கியது தாய் மங்கையற்கரசி அன்ரி. எந்த ஊர் மைதானத்தில் கழிவறை பூட்டிக் கிடக்கும் என்பது வரைக்கும் அவவுக்குத் தெரியும். கழகம் பையனைத் தெரிவு செய்து பத்திரிகையில் படமும் வந்த பிறகு அங்கிள் ஒரே நாளில் ஞானியானார். கோயில் வீதிவலத்தில் வேட்டியோடு கழகத் தொப்பி போட்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். தேர் நிற்கிற இடமெல்லாம் நின்று, பந்தடிப்பதன் நுட்பங்களைப் பிழை பிழையாக விளங்கப்படுத்துவார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. மகள் நிலாணியின் சாதகத்தில் ஏழில் செவ்வாய். பிறந்த நேரத்தைச் சற்றே தள்ளிப் புதிதாகச் சாதகம் எழுதுவித்து, மார்க்கம் பல் வைத்தியர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர்கள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் இல்லாத இடங்களில் அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். பிள்ளையில் ஒரு குறை இருந்தால் மறைத்து, எதிர்ப் பக்கத்துக்குப் பிடிபடுவதற்கு முதலே கையெழுத்தை முடித்துவிட வேண்டும். அவருக்குத் தெரிந்த வியாபாரம் அவ்வளவுதான்.

வீரர்கள் பயிற்சிக்குத் தெற்கே போவதற்குச் சற்று முந்திய சனிக்கிழமை, டெரெக்கின் வண்டியில் அஜக்ஸ் போனோம். 401 நெடுஞ்சாலை நெடுகிலும் அவர் 'வணக்கம்' சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். பிக்கரிங் வந்தும் அது அவர் வாய்க்குள் அடங்கவில்லை. பிறகு தன் தோல் பையைத் தட்டிக் காட்டினார். வலப்பக்கப் பைக்குள் ஒரு ஒப்பந்தம், இடப்பக்கப் பைக்குள் இன்னொன்று. இரண்டும் எட்டு வருடம். வலப்பக்கத்தில் இருந்தது சின்னத் தொகை. இடப்பக்கத்தில் இருந்தது முதலாளிமார் அனுமதித்த ஆகக் கூடிய தொகை.

"முதலில் சின்னதை வைப்பேன். முகத்தைச் சுளித்தால் மற்றதை எடுப்பேன்" என்றார்.

"அதுவும் அவன் பெறுமதியில் பாதிதானே" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். என் வசனத்தை எனக்கே திருப்பிச் சொன்ன சந்தோசம் அந்த முகத்தில் இருந்தது.

வாசலில் டெரெக் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டு, பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். உள்ளே மிதுனனின் ஏஜென்ற் கைல் ஏற்கெனவே வந்திருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மிதுனன்தான் முதல் பெரிய ஆள். கையெழுத்தானால் அவனுக்கும் பங்கு. பையனுக்காகப் பேச வேண்டிய அந்த வாயில் முழுக்க இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருந்தன.

அங்கிள் மகனைச் சோபாவின் மூலையில், வலது தோள் சுவரோடு ஒட்டும்படி இருத்தியிருந்தார். பையன் றோல்ஸ் எடுக்கக் கையை நீட்டினால் முந்தித் தானே எடுத்துக் கொடுத்தார். தண்ணீர்க் கிளாஸையும் தூக்கிக் கொடுத்தார். முதலில் பாசம் என்றுதான் நினைத்தேன். பிறகு, ஒருவரும் கேட்காமலே ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"இவன்ரை கை இரும்பு, சேர். ஒருநாளும் நோகுது எண்டு சொன்னதில்லை. தோள் எல்லாம் நம்பர் வண்."

டெரெக் தலையாட்டினார். தோள் என்ற சொல் திரும்பவும் வந்தது, இன்னொரு முறையும் வந்தது. டெரெக்கின் கண்கள் மெல்லச் சிறுத்தன. அவருக்குத் தோளைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் இந்த மனிதர் எதற்காகவோ அவசரப்படுகிறார் என்று பிடித்துவிட்டார். கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வியாபாரிக்கு எதிரில் எங்கள் அங்கிள் தன்னை வலு கெட்டிக்காரன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. உதவி செய்கிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் எழும்பிப் போனேன்.

குசினிக்குள் கட்லெற் பொரித்த வாசத்தை மீறி இன்னொரு எண்ணெய் மணந்தது. முறிவு நெரிவுக்குப் பூசுகிற எண்ணெய். மங்கையற்கரசி அன்ரி கதவை மெல்லச் சாத்தினா.

"பிள்ளை, உங்களை எங்கட பிள்ளையா நினைச்சுக் கேக்கிறன். உவையளுக்கு ஏதும் தெரியுமோ?"

"எதைப் பற்றி, அன்ரி?"

"தம்பியின்ரை தோளைப் பற்றி."

மார்கழியில் பயிற்சி முடித்து வந்த மிதுனன் தோளில் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறான். கழகத்து டொக்டருக்குச் சொல்லுவம் என்று பையன் கேட்டானாம். தகப்பன் விடவில்லை. சொன்னால் விலை விழுந்துவிடும் என்று சொல்லி, அஜின்கோர்ட்டில் நிலவறைக்குள் வைத்தியம் பார்க்கிற நவரட்ணத்திடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த நவரட்ணம் ஊரில் பஸ் கொண்டக்டர். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் பரம்பரை முறிவு வைத்தியரானவர். எண்ணெய் தடவி, கண்ணை மூடி, தோளை அமத்திப் பார்த்துவிட்டு, "நரம்பு புரண்டு கிடக்கு. எறிஞ்செறிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல தாங்காது" என்று சொல்லியிருக்கிறார். பையனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

"அதுதான் இவர் துடிக்கிறார்" என்றா அன்ரி. "அவங்களுக்குத் தெரிய வர முதல் கையெழுத்தை வாங்கிப்போடவேணுமாம். நீங்கள் காட்டிக் குடுத்திடாதேங்கோ, பிள்ளை. அவன்ரை வாழ்க்கை."

எனக்குச் சிரிப்பு முந்தியதா கோபம் முந்தியதா என்று தெரியவில்லை. தை மாதம் கழகம் எல்லாப் பையன்களையும் படுக்க வைத்து ஸ்கான் எடுத்தது. மிதுனனின் தோளை மூன்று நிபுணர்கள் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு யாருக்கும் பிடிக்கிற பிடிப்பு, தானாக வந்து தானாகப் போயிருக்கிறது. அந்த அறிக்கை மேசைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பையனுக்கு 'எல்லாம் ஓகே' என்று இரண்டு சொல்லில் செய்தி அனுப்பினார்கள். எல்லாருக்கும் அனுப்புகிற செய்தி என்று இவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதை நான் அந்த வீட்டில் வாய் திறந்து சொன்னால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. வரவேற்பறையில் டெரெக் 'குடும்பம்' என்று சொல்வது கேட்டது. நான் சொன்னேன்.

"அன்ரி, தோளுக்கு ஒண்டுமில்லை. நான் றிப்போர்ட்டைக் கண்ணால பாத்தனான். நவரட்ணம் அங்கிள் சொன்னது விசர்க்கதை. இண்டைக்குக் கையெழுத்து வைக்க விடாதேங்கோ. தம்பி மேல வந்து ஒரு வருசம் ஆடட்டும். பிறகு இதுபோல மூண்டு மடங்கு கேக்கலாம், அவங்கள் தருவாங்கள். அவங்களுக்கு அது தெரிஞ்சபடியாத்தான் இண்டைக்கு வந்திருக்கிறாங்கள்."

அன்ரி சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றா. கண் நிறைந்துவிட்டது. மார்கழியிலிருந்து அவ நித்திரை கொள்ளவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. "உண்மையாவோ, பிள்ளை" என்று கேட்டா. "சத்தியமா" என்றேன். உடனே கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டா.

அங்கிள் வந்தார். அன்ரி நான் சொன்னதைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு கணம் நெஞ்சு ஆறியது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அப்ப அவங்களின்ரை மெசினுக்கும் பிடிபடேல்லை."

"அங்கிள், பிடிபட அங்க ஒண்டும் இல்லை. தோள் நல்லாயிருக்கு."

"தங்கச்சி, உங்கட நல்ல மனசு விளங்குது. ஆனா நவரட்ணம் கை வைச்சுச் சொன்னால் சொன்னதுதான். என்ரை மச்சானுக்கு ஒப்பறேசன் எண்டு சொன்ன முழங்காலை மூண்டு கிழமையில எழுப்பி விட்டவர். நிலாணியின்ரை சாதகத்தையும் எத்தினை பேர் பாத்தவை? ஆருக்குப் பிடிபட்டது?"

"இவ சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவனப்பா" என்றா அன்ரி.

"கேட்டனான்தானே. தோள் நல்லமெண்டு நம்பித்தானே காசோட வந்திருக்கிறாங்கள். நம்பிக்கொண்டிருக்கேக்க முடிச்சுப்போடவேணும். ஒண்டரைக்கு எமகண்டம் துவங்குது, சுறுக்கா அந்தத் தேத்தண்ணியைப் போடும்."

சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். நான் சொன்ன உண்மையை எடுத்து, தன் புளுகுக்குச் சாட்சியாக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடம் படித்தும் ஒரு மடையனுக்கு நல்ல செய்தியைக்கூட விளங்க வைக்க முடியாத என் வாயை நான் வெறுத்தேன். அவரை அதைவிட வெறுத்தேன்.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். கையெழுத்துப் போடுகிற கை அவனுடையது. சோடாப் போத்தல் எடுக்கிற சாட்டில் மிதுனன் கராஜ் பக்கம் போயிருந்தான். நானும் போனேன். அவன் ட்ரைவ்வேயில் நின்று பனியை உருட்டி, தெருமுனையில் இருந்த நெருப்பணைக்கும் குழாயைக் குறிபார்த்து எறிந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றும் அதன் தலையில் போய் உடைந்தது.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. கிறிஸ்மஸுக்குப் பிறகு நத்திங்."

ஸ்கானைப் பற்றி அவனுக்கும் சொன்னேன். மூன்று மடங்கையும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஐ நோ. கைலும் ஒருக்கால் சொன்னவன். பிறகு சைன் பண்ணச் சொல்லிட்டான்." இன்னொரு உருண்டை உருட்டினான். "பட் அந்த எண்ணெய் அங்கிள் சொன்னதில இருந்து, எறிய முதல் ஒரு செக்கன்ட் யோசிக்கிறன். ஐ நெவர் யூஸ்ட் டு திங்க், அக்கா. அப்பாவும் ஜிம்முக்கு வந்து நிண்டு தோளைத்தான் பாக்கிறார். பந்தைப் பாக்கிறேல்ல. அவர்ட முகத்தைப் பாத்தா எனக்கும் நோகிற மாதிரி இருக்கு."

"அவருக்காக எட்டு வருசத்தைக் குடுப்பீரோ?"

"சைன் பண்ணினா அவர் பாக்கிறதை விட்டிடுவார்" என்றான். "தென் ஐ கேன் ஜஸ்ட் பிளே. ஒரு வருசம் வெயிற் பண்ணலாம். ஆனா அந்த வருசம் முழுக்க அவர் ஸ்ராண்டில இருந்து அப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தா ஐ வோண்ட் பீ குட். யூ நோ தட்."

எனக்கு அது தெரியாது. என் கணக்கில் தகப்பனின் பார்வைக்கு ஒரு நிரல் இல்லை. அவன் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

பிறகு நடந்தது சுறுக்கா நடந்தது. டெரெக் வலப்பக்கப் பைக்குள் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். அங்கிள் முகத்தைச் சுளிக்கவில்லை. தொகையைக்கூட அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை, சுவர் மணிக்கூட்டைத்தான் பார்த்தார். கைல் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாரம் யோசித்துவிட்டு வேறு தொகை கேட்கலாம் என்று பெயருக்குச் சொன்னான். "நோ வீக்" என்றார் அங்கிள். டெரெக் பையின் இடப்பக்கத்தில் கையை வைக்கவேயில்லை.

மிதுனன் என்னைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தான். அங்கிள் ஓடிப்போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து தாள்களின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தார். டெரெக் அதைப் படம் எடுத்தார். கைகூப்பி 'வணக்கம்' என்றார், போகிற நேரத்தில். எமகண்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

திரும்பும் வழியில், ஸ்காபரோ தாண்டியதும் டெரெக் கேட்டார்: "அந்த அப்பா ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்?"

"உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்" என்றேன்.

அவர் அதை நல்ல பகிடியாக எடுத்து வண்டி குலுங்கச் சிரித்தார். அருமையான குடும்பம் என்றார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தேன்.

மிதுனன் அந்த வருடமே மேல் அணிக்கு வந்துவிட்டான். அடுத்த வருடம் நகரம் முழுவதும் அவனுடைய பெயரை முதுகில் போட்டுக்கொண்டு திரிந்தது. எங்கள் பெயரை நாலு துண்டாக உடைத்துச் சொல்லுகிறவர்கள்கூட அவன் பெயரை முழுசாகச் சொன்னார்கள். அவனைவிட அரைவாசிகூட ஆடாத ஒருவன், சந்தைக்குப் போனவன், பக்கத்து அலுமாரிக்கு முன்னால் உடுப்பு மாற்றிக்கொண்டு அவனைவிடப் பல மடங்கு வாங்குகிறான். டெரெக்கின் பதவிப் பெயர் இன்னும் நீண்டுவிட்டது. மற்றக் கழகத்துக்காரர்களும் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். 'பொறுமையும் குடும்ப உணர்வும்' என்று மேடையில் சொல்கிறார். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

அங்கிளும் கோயிலில் கைதட்டு வாங்குகிறார். பெரிய வெள்ளைக்காரக் கழகத்தை ஒரு மத்தியானத்தில் மடக்கிய கதை அது. எப்படி மடக்கினார் என்று மட்டும் சொல்லமாட்டார். கண்ணைச் சிமிட்டி நிறுத்திவிடுவார். நவரட்ணத்துக்கு மட்டும் ஒரு தங்க மோதிரம் போனதாகக் கேள்வி.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். வீரர்களின் வீட்டாருக்கு ஒதுக்கிய பக்கத்தால் நான் இறங்கிப் போகையில் அன்ரி கூப்பிட்டா. பக்கத்தில் அங்கிள், தொப்பியோடு. நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். மைதானத்தில் பந்து இடப்பக்கம் ஆழமாகப் போனது. மிதுனன் பாய்ந்து, புல்லில் விழுந்து, முழங்காலில் நின்றபடியே எறிந்தான். நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். அன்ரியும் எழுந்து கைதட்டினா.

அங்கிள் எழும்பவில்லை. அவருடைய இடது கை தன் வலது தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பந்து எங்கே போனது என்று அவர் பார்க்கவேயில்லை. மகன் எழும்பி அந்தக் கையை உதறிக்கொள்ளும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுடைய தோளையே பார்த்தார். அவன் தன் இடத்தில் போய் நின்று, தொப்பியைச் சரி செய்து, எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு அங்கிள் பின்னால் சாய்ந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"தங்கச்சி, அவங்கள் இன்னும் கண்டுபிடிக்கேல்லைத்தானே?"

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தா.

"இல்லை, அங்கிள்."

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இன்னும் ஆறு வருசம் கிடக்கு" என்றார். "அதுவரைக்கும் தாங்கினால் போதும்."